போகும் தூரமும் திரும்பும் தூரமும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எதை உண்ணலாம், எப்போது தலைக்குக் குளிக்கலாம், எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்பவை முதலில் வரும். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்த பிறகு, கதவருகே சென்று நின்று, சற்றுத் தயக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு அணைக்கட்டிலிருந்து வந்த ஓர் அம்மையார் அதைக் கேட்டார். பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்துபோன கணவரை ஏழு மாதங்களாகத் தனியே கவனித்து வந்தவர் அவர்.

"சார், இவர எங்கனா வெளிய இட்டுக்கினு போலாமா?"

எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்டோம். அவருக்குச் சட்டென்று விடை வரவில்லை. அந்த ஏழு மாதங்களில் இருவரும் சென்று வந்த வழி, வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள பேருந்துத் தடம் ஒன்றுதான். "தாராளமாகப் போகலாம் அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அவர் சென்ற பிறகு, அது அரைகுறையான விடை என்று எங்களுக்கே பட்டது. எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு தூரம், எதைக் கையில் எடுத்துக்கொண்டு என்று சொல்லாமல் "போகலாம்" என்று மட்டும் சொல்வது, அளவு குறிப்பிடாமல் மருந்து எழுதித் தருவதற்கு ஒப்பாகும். இயன்முறை மருத்துவப் பிரிவினராகிய நாங்கள் அந்தக் குறையை இவ்விதழில் நிறைவு செய்ய முயல்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. நலமாக இருப்பவர் ஓர் இடத்திற்குப் போகும்போது, போய்ச் சேரும் தூரத்தை மட்டும் எண்ணுகிறார். நோயிலிருந்து மீள்பவர் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். காற்றும் பசுமையும் தரும் உற்சாகத்தில் முதல் பாதி எளிதாகக் கழிந்துவிடும். களைப்பு முழுவதும் திரும்பும் வழியிலேயே காத்திருக்கும். உங்கள் தெருவில் இளைப்பாறாமல் இருபது நிமிடம் நடக்க முடிகிறது என்றால், புதிய இடத்தில் ஆறேழு நிமிடம் நடந்ததும் திரும்பிவிடுங்கள். மிச்சமிருக்கும் வலிமையைச் செலவிடாமல் வீட்டிற்குக் கொண்டுவந்து சேருங்கள். மறுநாள் காலை எழும்போது உடல் வழக்கம்போல் இருந்தால் அளவு சரி. படுக்கையை விட்டு எழவே மனமில்லாமல் கிடந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

நடக்கும்போது வேகத்தை அறிய ஒரு கருவியும் வேண்டாம். உடன் வருபவரோடு பேசிப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் பொருத்தமானது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்த வேண்டியிருந்தால் உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதய நோயாளர்களுக்கும் நுரையீரல் நோயாளர்களுக்கும் நாங்கள் இதைத்தான் முதலில் கற்பிக்கிறோம்.

நேரத்தைப் பற்றி நம் ஊரில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வேலூரை வெயிலூர் என்று நாமே கேலி செய்துகொள்கிறோம். ஐப்பசி முதல் மாசி வரையுள்ள மாதங்களே வெளியே செல்ல ஏற்றவை. மற்ற மாதங்களில் காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பிறகு புறப்படுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை, வேலூர்க் கோட்டை. ஏறக்குறைய 133 ஏக்கர் பரப்புள்ள இக்கோட்டை பதினாறாம் நூற்றாண்டில், விசயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அதன் பெருமை அகழியிலும் கருங்கல் மதிலிலும் இருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். எங்களுக்கு அதன் பெருமை வேறு: உள்ளே சமதளமான தார்ச்சாலை, நிழல் தரும் மரங்கள், சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்லும் வசதி, நினைத்த இடத்தில் திரும்பிவிடலாம் என்ற உறுதி. மலையோ அருவியோ இவற்றைத் தருவதில்லை. அகழியோரத்துப் புல்வெளியில் உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், ஒரு காலைப்பொழுது இனிதாகக் கழியும். சற்று நடக்க முடிந்தவர்கள் உள்ளேயுள்ள சலகண்டேசுவரர் கோயில், 1846இல் கட்டப்பட்ட தேவாலயம், பழைய பள்ளிவாசல், அருங்காட்சியகம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் ஒரு நாளைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1806 சூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது இந்த மதில்களுக்குள்தான். பள்ளிப் பருவத்தில் படித்ததைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. பக்கவாதத்தால் பேச்சுத் தடைபட்டவர்கள், தமக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்ல முயல்வது நல்ல பயிற்சி என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்துச் சிற்பங்கள் புகழ்பெற்றவை. அவற்றைக் காண வேண்டுமானால் காலணியைக் கழற்ற வேண்டும். எங்கள் கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளவர்களுள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்களில் பெரும்பாலோர் அதை அறிவதில்லை. இல்லாத ஒன்றை எப்படி உணர்வது? ஒரு சித்திரை மாத நண்பகலில், தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் குடும்பத்தோடு ஒரு கோயிலுக்குச் சென்றார். கல் பாவிய வெளிப் பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்தார். உடன் சென்ற மருமகள் சூடு தாங்காமல் நிழலுக்கு ஓடினார். பெரியவரோ நிதானமாக நடந்தார். தம் பக்தியின் வலிமை என்று அவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் இரண்டு உள்ளங்காலிலும் பெரிய கொப்புளங்களோடு எங்களிடம் வந்தார். அந்தப் புண் ஆற நான்கு மாதங்கள் பிடித்தன. ஒரு விரலை இழக்க நேர்ந்தது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு முடித்துவிட்டு, பௌர்ணமிக்கு அடுத்த நாள்களில் பாதப் புண்ணோடு வருபவர்களையும் நாங்கள் காண்கிறோம். வழிபாட்டைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. வெயில் ஏறுமுன் செல்லுங்கள். கோயிலில் கேட்டு, இசைந்தால் தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். நிழலுள்ள உட்பிராகாரத்தை மட்டும் வலம் வாருங்கள். வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்கு உட்பட, கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

வலியை உணராத பாதமே ஆபத்தான பாதம் என்ற அறிவு உலகுக்குப் பரவியதில் நம் மாவட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், இங்கும் கரிகிரியிலும் தொழுநோயாளர்களிடையே பணியாற்றியபோது, விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முதன்மையான காரணம் உணர்ச்சி இழப்பினால் நேரும் காயங்களே என்பதை எடுத்துக்காட்டினார். அவர்களுக்காக மென்மையான நுண்துளை ரப்பரில் செய்யப்பட்ட காலணிதான், இன்று மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்குகிறது. பின்னர் அதே அறிவு நீரிழிவு நோயாளர்களின் பாதங்களையும் காக்கப் பயன்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நீளும் நம் தோல் தொழில் வட்டாரம் உலக நாடுகளுக்கெல்லாம் காலணி அனுப்புகிறது. அந்தக் காலணிகளைத் தைத்த கைகளுக்கு உரியவர்களே தேய்ந்த ரப்பர்ச் செருப்போடு எங்கள் முன் வந்து அமரும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. வெளியூர்ப் பயணத்திற்குச் செலவிட எண்ணும் தொகையில் முதல் பகுதியைக் காலணிக்கு ஒதுக்குங்கள். புதுச் செருப்பை அணிந்துகொண்டு சுற்றுலா புறப்பட வேண்டாம். ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள்.

திருமலைக்கோடியில் 2007இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு, வெளி மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்காக வேலூர் வரும் குடும்பங்கள் தவறாமல் செல்கின்றன. நட்சத்திர வடிவில் அமைந்த நடைபாதையின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். நிழல் உண்டு, ஆனால் நடுவழியில் முடியவில்லை என்று திரும்புவது எளிதன்று. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகாதவர்கள் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார், நடந்துவிடுவார்" என்று உறவினர்கள் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்த படி, கணியம்பாடி வழியாகச் செல்லும் அமிர்தி. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் சவ்வாது மலையடிவாரத்தில், 1967இல் அமைக்கப்பட்ட சிறிய உயிரியல் பூங்கா இது. 25 எக்டேர் பரப்பு. மான்களையும் மயில்களையும் பார்த்துக்கொண்டு மரநிழலில் மெல்ல நடக்கலாம். குழந்தைகளோடு செல்லும் நோயாளர்களுக்கு இது மிகவும் பொருந்தும். குழந்தைகள் கூண்டுக்குக் கூண்டு நிற்பதால் பெரியவர்களுக்கும் இளைப்பாற இடம் கிடைத்துவிடுகிறது. அருவிக்குச் செல்லும் வழி வேறு வகையானது. பாறைகள் வழுக்கும், கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், தலைச்சுற்றல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் அருவியின் ஓசையைத் தூரத்திலிருந்து கேட்பதோடு நிறைவடைய வேண்டும். இரத்தம் உறையா மருந்து உட்கொள்பவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பூங்காவின் விடுமுறை நாளைக் கேட்டறிந்து புறப்படுவது நல்லது. பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஏமாற்றம், பல மாதம் கழித்து முதன்முறையாக வெளியே வந்தவருக்குச் சிறிதன்று.

ஏலகிரியைப் பற்றி எங்களிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஓர் அச்சத்தோடு கேட்கிறார்கள்: மலை ஏறினால் மூச்சுக்காற்றுக் குறையுமா? ஏலகிரியின் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். நோய் கட்டுக்குள் இருக்கும் இதய நோயாளர்களுக்கும் ஆசுத்துமா உள்ளவர்களுக்கும் இந்த உயரம் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. வீட்டில் ஆக்சிசன் பயன்படுத்துபவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டே செல்ல வேண்டும். உண்மையான தொல்லை மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டப்பட்ட வளைவுகள் அவை. பெயர்களைப் படித்துக்கொண்டே போவது இனிமைதான்; குமட்டல் உள்ளவர்கள் படிப்பதை விட்டுவிட்டு முன் இருக்கையில் அமர்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வயிறு முட்ட உண்டுவிட்டு ஏற வேண்டாம். வாந்தியில் காலை மாத்திரை வெளியேறிவிட்டால் தாமாகவே இன்னொன்றைப் போட்டுக்கொள்ளாமல் தொலைபேசியில் கேளுங்கள். மேலே புங்கனூர் ஏரியைச் சுற்றி நடப்பது எளிது. சுவாமிமலை உச்சிக்குச் செல்லும் நடைப்பாதை நோயாளர்களுக்கு உரியதன்று. ஆனால் உடன் வந்த மகனோ மருமகளோ அங்கே ஏற விரும்பினால் ஏறட்டும். நோயாளரோடு ஒருவர் ஏரிக்கரையில் இருந்தால் போதும். குடும்பமே ஒன்றாகச் சென்று ஒன்றாகவே அமர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தோல் பதனிடும் ஆலைகளில் பணியாற்றி மூச்சுத் தொல்லைக்கு ஆளானவர்கள் மலைக்குச் செல்லும்போது, உடனடி நிவாரணத்திற்கான இன்ஹேலரைப் பெட்டிக்குள் அடுக்கிவிடாமல் சட்டைப் பையில் வைத்திருங்கள். மார்கழிப் பனியில் காதையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்வது பழைய வழக்கமானாலும் நல்ல வழக்கம்.

நடக்கவே இயலாதவர்களுக்கு ஏற்ற இடம் ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆலங்காயத்திலிருந்து சமுனாமரத்தூர் செல்லும் சாலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1977இல் யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் செல்லலாம்; அன்றைய நிலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மலைக்கு மேல் இருள் அடர்த்தியானது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் தடுமாறி நடப்பவர்களும் கையில் விளக்கில்லாமல் வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். ஆனால் இறங்கத்தான் வேண்டும் என்பதில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, சன்னலைத் திறந்து மேலே பார்த்தாலே, ஊரில் காணக் கிடைக்காத அளவு விண்மீன்கள் தெரியும்.

வழியில் உண்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் எங்களை நம்ப மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் சென்றுவிட்டு ஆம்பூரில் சீரகச் சம்பாப் பிரியாணியைச் சுவைக்காமல் திரும்புங்கள் என்று சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இல்லாதவர்கள் சிறிதளவு உண்ணலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதிலுள்ள உப்பு ஆகாது. எங்களை அதிகம் அச்சுறுத்துவது சாலையோரத்து இளநீர். உடலுக்குக் குளிர்ச்சி என்று எண்ணி, சிறுநீரக நோயாளருக்கு அன்போடு வாங்கித் தருகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பழுதுபட்ட சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். டயாலிசிசு செய்துகொள்பவர்களுக்கு இளநீர் வேண்டாம். மருத்துவர் குறித்த அளவுக்குள் சாதாரணத் தண்ணீரே போதும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் கையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்திற்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

இனி, அணைக்கட்டு வட்டத்து மலைகள். பீஞ்சமந்தை, சார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலை ஊராட்சிகளின் பாதைகளில் நடக்க விரும்பும் இளைஞர்கள் எங்களிடமும் வழி கேட்பதுண்டு. வனத்துறையின் அனுமதியும் ஊர்க்காரர் ஒருவரின் துணையும் இல்லாமல் போக வேண்டாம் என்பதே எங்கள் விடை. நமக்கு அது நடைப்பயணப் பாதை. மேலே வாழ்பவர்களுக்கு அது மருத்துவமனைக்கு வரும் பாதை. 2023இல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு குழந்தையை, வண்டி செல்லும் சாலை இல்லாத காரணத்தால் உரிய நேரத்தில் கொண்டுவர முடியவில்லை. அதன் உடலையும் கையில் சுமந்தே மேலே ஏற வேண்டியிருந்தது. அந்தச் செய்தி வந்த நாளை எங்கள் பிரிவில் எவரும் மறக்கவில்லை. மலையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் இறங்கி வந்த ஒருவரிடம் "தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்" என்று நாங்கள் வாய்ப்பாடாகச் சொன்னதும், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டியதும் நினைவுக்கு வருகின்றன. அதன் பிறகு, எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று கேட்டுவிட்டே அறிவுரை சொல்கிறோம்.

மலையடிவாரத்தில் நடப்பவர்கள் அறிய வேண்டியது: பாம்பு கடித்தால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு வர வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கும் முயற்சியில் நேரத்தை இழக்க வேண்டாம்.

புறப்படும் முன் பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. மருத்துவமனைச் சுருக்க அறிக்கையின் நகல், அன்றைய மாத்திரையோடு ஒரு வேளைக்குக் கூடுதலாக மாத்திரை, தண்ணீர், தொப்பி அல்லது குடை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது நோயாளரை அழைத்துச் செல்லும் பெண்களுக்கு உதவும்.

அந்த அணைக்கட்டு அம்மையார் இரண்டு மாதங்களுக்குப் பிறகு மறுபரிசோதனைக்குக் கணவரோடு வந்தார். ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் கோட்டைக்குச் சென்று வருவதாகச் சொன்னார். முதல் வாரம் அவர் ஊன்றுகோலோடு வாயிலுக்கு அருகிலுள்ள மரத்தடி வரை நடந்தாராம். இப்போது கோயில் வாசல் வரை. நீங்களும் உடன் நடக்கிறீர்களா என்று அம்மையாரைக் கேட்டோம். அவர் விடை சொல்லுமுன் கணவர் இடக்கையை உயர்த்தி, காற்றில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார். பையையும் செருப்பையும் அவர் பார்த்துக்கொள்ள, அம்மையார் மட்டும் தனியாகப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாராம்.